உழைப்பும் உணவும்: குதிரைத் தீனி பற்றிய ஒரு விளக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களிற் பாரவண்டி இழுத்த குதிரைகளைத் 'திங்கட்கிழமை நோய்' என்னும் பிணி வருத்திற்று. ஞாயிறன்று இலாயத்தில் ஓய்ந்து நின்ற குதிரைக்கும் வேலைநாளுக்குரிய தானியம் குறையாது வழங்கப்பட்டது. மறுநாள் வண்டியிற் பூட்டிய சிறிது நேரத்தில் அதன் தொடைத் தசைகள் இறுகின, வியர்த்து நடுங்கி, அடியெடுத்து வைக்க இயலாது நின்றது, சிறுநீரும் கருஞ்சிவப்பாயிற்று. சில குதிரைகள் மாண்டும் போயின.

இதற்குக் காரணம் யாது? தானியத்திலுள்ள மாப்பொருள் தசைகளிற் கிளைக்கோசனாகச் சேமிக்கப்படுகின்றது. உழைப்பில்லாத நாளில் அது செலவாவதில்லை. சில இனக் குதிரைகளில் இச்சேமிப்பை வரம்பு மீறச் செய்யும் மரபணுத் திரிபொன்று 2008ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது.

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிப் பேரவை 2007இல் வெளியிட்ட கணிப்பின்படி, 500 கிலோகிராம் எடையுள்ள குதிரைக்கு ஓய்வுநாளில் ஏறத்தாழ 16,700 கிலோகலோரி போதும். கடும் உழைப்புக்கு 26,600 வேண்டும். ஆகவே, புல்லும் வைக்கோலுமே என்றும் அடிப்படை உணவாதல் வேண்டும். தானியமோ வேலைக்கேற்ப ஏறியிறங்குதல் வேண்டும். ஓய்வுநாளிலும் குதிரையைச் சிறிது நடத்துதல் நன்று. அன்று தானியத்தைக் குறைப்பது உலோபமன்று. அவ்விலங்கின் உயிருக்குக் காப்பேயாம்.