உயர்நிலை ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையும் தமிழ் மாணாக்கரும்

பரீட்சைகள் இருவகைப்படும். கற்பிக்கப்பட்ட பாடம் எவ்வளவு கைவந்துள்ளது என்பதை அளப்பது ஒருவகை. எந்நூலைக் கற்றான், எவரிடம் கற்றான், எத்தனை ஆண்டு கற்றான் என்னும் வினாக்களை விடுத்து, இன்று அவனால் இம்மொழியைக்கொண்டு யாது செய்ய இயலும் என்பதை மட்டும் அளப்பது மற்றொரு வகை. முன்னையதற்குப் பாடத்திட்டம் உண்டு, பின்னையதற்கு இல்லை. ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைகள் எனப்படுவன பின்னைய வகையைச் சார்ந்தவை. முன்னைய வகைக்கு ஆயத்தஞ் செய்து பழகிய நம் மாணாக்கர் பின்னையதற்கும் அதே வழியிற் செல்ல முற்படுவதனாலேயே பெரிதும் இடர்ப்படுகின்றனர். அவ்வேறுபாட்டை விளக்கி, தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர், சிறப்பாகச் சப்பிரகமுவத் தோட்டப்புற மாணாக்கர், மேற்கொள்ளத்தக்க முறையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேவை யாது?

முன்னாளிற் களனிவெளி இருப்புப்பாதை சென்று முடிவுற்ற ஓப்பநாயக்கவிலிருந்து பலாங்கொடை வழியாகக் கிழக்கே செல்லும் பெருந்தெருவில் பெலிகுலோயா அமைந்துள்ளது. சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் 1995ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பட்டது. ஆயினும், தோட்டத்து லயத்திலிருந்து அப்பல்கலைக்கழகத்தின் விரிவுரை மண்டபத்தை அடையும் வழி, பேருந்தில் ஏறிச் செல்லும் வழியினும் மிக நீண்டது. அங்குள்ள பல பீடங்களிற் கற்கை ஆங்கில மூலமே நடைபெறுகின்றது. பதின்மூன்று ஆண்டுகள் தமிழ் மூலம் பயின்று, உயர்தரப் பரீட்சையிற் சிறப்புறத் தேறிய மாணவி ஒருத்தி, முதல்நாள் விரிவுரையிலேயே செவிடர்போல் அமர்ந்திருக்க நேரின், அது அவளது அறிவின் குறையன்று, ஆயத்தத்தின் குறையேயாம்.

உயர்தர மாணாக்கர்க்குப் பொது ஆங்கிலம் என்னும் வினாத்தாள் உண்டு. அதன் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்குரிய இசட் புள்ளியிற் சேர்க்கப்படுவதில்லை. இக்காரணம்பற்றியே பலர் அதனைப் புறக்கணிக்கின்றனர். அனுமதிக்கு உதவாத அப்பாடமே அனுமதிக்குப் பின்னர் ஏனைய பாடங்கள் அனைத்தையும் தாங்கும் தூணாகின்றது என்பதைக் காலந்தாழ்த்தி உணர்கின்றனர். மேற்படிப்புக்காகப் பிறநாடு செல்ல விழைவோர்க்கோ ஐயெல்ற்ஸ், டோபல் முதலிய பரீட்சைகள் வாயிற்காவலர்போல் நிற்கின்றன.

நம் முன்னோர் இதனை உணராதவரல்லர். ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையில் ஆங்கிலமும் தமிழுங் கற்று, அங்கேயே கற்பித்தவர். சைவத்தின் பொருட்டு உழைத்த அவரே 1872இல் வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலையை நிறுவினார். பிற்காலத்திற் சைவப் பெரியோர் இந்துக் கல்லூரிகளை எழுப்பியதும், தம் மதத்தையும் மொழியையும் கைவிடாது ஆங்கிலத்தை அடையும் பொருட்டேயாகும். தோட்டப் பகுதிகளிலோ நிலை வேறு. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகட்கு விதித்தது தாய்மொழியில் அமைந்த தொடக்கக் கல்வியையே. நகரத்து ஆங்கிலப் பாடசாலைகள் 1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வித் திட்டம்வரை கட்டணம் பெற்றன. கொழுந்து பறித்தோர் பிள்ளைகளை ஆங்கிலம் நெடுங்காலம் எட்டாதிருந்தமைக்கு இவையும் காரணங்களாம்.

பரீட்சையின் வரலாறு

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பிறமொழியாளர்க்கென உயர்நிலை ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையை முதன்முதல் நடத்தியது 1913ஆம் ஆண்டிலாகும். பன்னிரண்டு மணிநேரம் நீண்ட அப்பரீட்சையில் மொழிபெயர்ப்பு, இலக்கணம், ஒலியியல், கட்டுரை, சொல்வதெழுதல், உரையாடல் என்பன அடங்கியிருந்தன. தோற்றியவர் மூவர், மூவரும் தேறினாரில்லர். டோபல் 1964இலும் ஐயெல்ற்ஸ் 1989இலும் தொடங்கின. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கு ஆற்றல்களையும் தனித்தனியே அளப்பது இக்காலப் பரீட்சைகளின் பொது இயல்பாம்.

இத்துறையிற் சீன தேசத்தின் அனுபவம் நோக்கத்தக்கது. பன்னூற்றாண்டுகள் பரீட்சை மூலமே அரச அலுவலரைத் தெரிந்தெடுத்து, அம்முறையை 1905இல் ஒழித்த நாடு அது. அங்கே பல்கலைக்கழக மாணாக்கர்க்கான பொது ஆங்கிலப் பரீட்சை 1987இல் நான்காந் தரத்துடன் தொடங்கியது; ஆறாந் தரம் அதன்பின் வந்தது. ஆங்கிலத்தையே சிறப்புப் பாடமாகப் பயில்வோர் நான்காம் ஆண்டில் எழுதும் எட்டாந்தரப் பரீட்சை இன்னுங் கடினமானது. சிறு விரிவுரையொன்றை ஒருமுறை மட்டுங் கேட்டுக் குறிப்பெடுத்தல், பந்தியொன்றில் மறைந்துள்ள பிழைகளைக் கண்டு திருத்துதல், மொழிபெயர்த்தல், கட்டுரை வரைதல் என்பன அதிற் சோதிக்கப்பட்டு வந்தன. இவற்றுள் முதலிரண்டும் நம் மாணாக்கர் எப்பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யினும் பயிலத்தக்க பயிற்சிகளாம்.

தாய்மொழி தரும் தடையும் துணையும்

சீனன் ஒருவனும் தமிழன் ஒருவனும் ஆங்கிலத்தை நோக்கிப் புறப்படும் இடங்கள் வெவ்வேறானவை. சீனமொழியில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்னும் ஒழுங்கு ஆங்கிலத்தை ஒத்தது. ஆனால் வினைச்சொல் காலங்காட்டும் விகுதியை ஏற்பதில்லை. தமிழிலோ காலங்காட்டும் இடைநிலையும் பன்மை விகுதியும் உண்டு. ஆனால் வினைமுற்று இறுதியில் நிற்கும். ஆகவே சீன மாணவன் காலத்தில் இடறுமிடத்தில் நம் மாணவன் நடந்து செல்வான்; நம் மாணவன் ஒழுங்கில் இடறுமிடத்திற் சீனன் நடந்து செல்வான். ஓரிடத்தில் மட்டும் இருவரும் ஒருங்கே இடறுவர். "நேற்று வந்த ஆசிரியர்" என நாம் அடையை முன்வைக்கின்றோம். சீனரும் அவ்வாறே வைப்பர். ஆங்கிலமோ ஆசிரியரை முன்வைத்து, "ஹூ" என்னுஞ் சொல்லால் இணைத்து, நேற்று வந்தமையைப் பின்வைக்கும். நீண்ட ஆங்கில வாக்கியத்தை வாசிக்கும்போது இறுதிவரை வினையைத் தேடிக் காத்திருத்தல் தமிழ்ப் பழக்கம். எழுவாயைக் கண்டவுடன் அதற்குரிய வினையைத் தேடுதலே ஆங்கிலத்திற்கு ஏற்ற பழக்கம்.

தமிழ் மாணாக்கர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, "எ", "ஆன்", "த" என்னும் சுட்டுச் சொற்கள். "வாசலில் நாய் நிற்கிறது" என்று தமிழில் வாளா கூறலாம். ஆங்கிலத்தில் அது கேட்போர் அறியாத நாயா, அறிந்த நாயா என்பதைக் காட்டாது கூறவியலாது. "எ", "ஆன்" என்பவற்றின் வேறுபாட்டுக்குத் தமிழெழுத்தே நல்ல வழிகாட்டி. சொல்லைத் தமிழில் எழுதிப் பார்க்குக. "யூனிவர்சிட்டி" யகரமெய்யில் தொடங்குதலின் "எ" பெறும். மணியைக் குறிக்கும் "அவர்" உயிரில் தொடங்குதலின் "ஆன்" பெறும். ஆங்கில எழுத்தை நோக்குவோர் மயங்குவர்; ஒலியை நோக்குவோர் மயங்கார்.

இரண்டாவது, முன்னிடைச் சொற்கள். கொழும்பில், மேசையில், பாடசாலையில் என நாம் ஓர் உருபினால் உணர்த்துவனவற்றை ஆங்கிலம் "இன்", "ஒன்", "அட்" எனப் பிரித்துணர்த்தும். எதிர்மாறாக, ஒன்றைப் "பற்றி" விவாதித்தல் நம் வழக்கு; ஆங்கிலத்து "டிஸ்கஸ்" என்னும் வினை "அபவுட்" என்னுஞ் சொல்லை வேண்டாது. வினையைத் தனியே மனனஞ் செய்யாது, அதனோடு வருஞ் சொல்லையுஞ் சேர்த்தே பயிலல் வேண்டும்.

மூன்றாவது, முற்றுப்பெற்ற நிகழ்காலம். "நான் யாழ்ப்பாணம் போயிருக்கிறேன்" என்பது ஆங்கிலத்து "ஹாவ்" கொண்ட வடிவத்தை ஏறக்குறைய ஒத்திருத்தலின் நமக்கு எளிது. ஆயினும், "நேற்று", "2010இல்" என முடிந்த காலத்தைக் குறித்துவிட்டால் ஆங்கிலம் அவ்வடிவத்தை ஏலாது. இயல்பான இறந்தகாலமே வரும்.

நான்காவது, ஒலி. தமிழில் ஒரே எழுத்து வல்லொலியையும் மெல்லிய ஒலியையும் இடத்திற்கேற்பக் குறிக்கும். ஆங்கிலத்தில் அவ்வேறுபாடு பொருளையே மாற்றிவிடும். இங்கே சப்பிரகமுவ மாணாக்கர்க்கு ஒரு நற்பேறு உண்டு. கடையிலும் பேருந்திலும் அவர்கள் நாள்தோறும் பேசுஞ் சிங்களத்தில் அவ்வொலி வேறுபாடு உண்டாதலின், நா அதற்கு ஏற்கெனவே பழகியுள்ளது. "ஸ்கூல்" என்பதனை "இஸ்கூல்" என்றும் "எக்" என்பதனை "யெக்" என்றும் கூறும் வழக்கத்தை மட்டும் விலக்கல் வேண்டும். அழுத்தமும் முக்கியமானது. புகைப்படத்தைக் குறிக்குஞ் சொல்லில் முதலசையும், புகைப்படம் எடுப்பவரைக் குறிக்குஞ் சொல்லில் இரண்டாமசையும் அழுத்தம் பெறும். சொல் தெரிந்திருந்தும் அதனைக் கேட்டு அறியாமைக்குப் பெரும்பாலும் அழுத்தத்தை அறியாமையே காரணம்.

ஆயத்தஞ் செய்யும் முறை

ஐயெல்ற்ஸ் கல்விப் பிரிவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கேட்டலில் ஒலிப்பதிவு ஒரேமுறை ஒலிக்கும், வினாக்கள் 40. வாசித்தலில் மூன்று நீண்ட பந்திகள், 40 வினாக்கள், 60 நிமிடம். எழுதுதலில் 60 நிமிடத்தில் இரண்டு பணிகள்: 150 சொற்களுக்குக் குறையாத விளக்கம் ஒன்று, 250 சொற்களுக்குக் குறையாத கட்டுரை ஒன்று. பேசுதல் 11 முதல் 14 நிமிடம்.

கேட்டலுக்கு: வானொலிச் செய்தியிலோ விரிவுரையிலோ மூன்று நிமிடப் பகுதியைத் தெரிந்து, முதலில் ஒருமுறை கேட்டுக் குறிப்பெடுக்க. பின்னர் நிறுத்தி நிறுத்திக் கேட்டுச் சொல்லுக்குச் சொல் எழுதுக. விடுபட்ட சொற்களை ஆராயின், அவை பெரும்பாலும் அழுத்தம் பெறாத சிறு சொற்களாகவே இருக்கும். நாளொன்றுக்கு இருபது நிமிடம் இதற்குப் போதும்.

வாசித்தலுக்கு: ஒவ்வொரு சொல்லையும் அகராதியிற் பார்க்கும் வழக்கம் பரீட்சை மண்டபத்திற் பயன்படாது. முதலில் பந்தியின் கருத்து யாதென விரைந்து நோக்குக; பின்னர் வினாவுக்குரிய இடத்தை மட்டும் ஊன்றிப் படிக்குக. சொல்வளத்தைப் பெருக்குதற்கு ஒரு நல்வழி உண்டு. நியூசிலாந்தில் அவெரில் கொக்ஸ்ஹெட் என்பார் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியல், உயர்கல்வி நூல்களில் துறைதோறும் மீண்டும் மீண்டும் வருஞ் சொற்களை 570 சொற்குடும்பங்களாகத் தொகுத்துரைக்கின்றது. நாளுக்கு மூன்று குடும்பங்களாகப் பயின்றால் 190 நாளில் அது முற்றுப்பெறும். ஓராண்டில் ஒருமுறை கற்று, மற்றொருமுறை மீட்டலுங் கூடும்.

எழுதுதலுக்கு: முதற் பணியில் வரைபடம், அட்டவணை, அல்லது ஒரு பொருள் உருவாகும் முறையின் படம் தரப்படும். செய்முறையை விளக்குதற்குச் செயப்பாட்டு வினை வேண்டும். இதற்குத் தோட்டத்து மாணாக்கர் வேறெங்குஞ் செல்ல வேண்டியதில்லை. கொழுந்து பறிக்கப்படுகின்றது, நிறுக்கப்படுகின்றது, வாட்டப்படுகின்றது, உருட்டப்படுகின்றது, புளிக்கவைக்கப்படுகின்றது, உலர்த்தப்படுகின்றது, சலித்துத் தரம் பிரிக்கப்படுகின்றது என அவர் தம் கண்ணாற் கண்ட தொழிலையே ஆங்கிலத்தில் 150 சொற்களில் எழுதிப் பழகலாம். இறப்பர்ப் பாலும் அவ்வாறே. அறிந்த பொருளை அறியாத மொழியிற் கூறுதல், அறியாத பொருளை அறியாத மொழியிற் கூறுதலினும் எளிதன்றோ?

இரண்டாம் பணிக்கு முதலாவதினும் இருமடங்கு மதிப்பு உண்டு. ஆகவே நாற்பது நிமிடத்தை அதற்கு ஒதுக்குக. கட்டுரைகளை மனனஞ் செய்து ஒப்புவித்தல் இங்கே பயன்தராது. வினா கேட்பதற்கு விடையின்றி அழகிய சொற்கள் மட்டும் நிரம்பிய கட்டுரைக்குப் புள்ளி குறையும். தன் கருத்தை முதற்பந்தியிற் கூறி, ஒவ்வொரு பந்தியிலும் ஒரு காரணத்தையும் ஓர் எடுத்துக்காட்டையும் தந்து முடித்தலே சிறந்த அமைப்பு. எழுதியதை மறுநாள் எடுத்து, பிறர் எழுதியதுபோற் கருதிப் பிழை திருத்துக. சுட்டுச்சொல் நோக்க ஒருமுறை, வினை நோக்க ஒருமுறை, முன்னிடைச்சொல் நோக்க ஒருமுறை என மும்முறை வாசித்தல் நன்று.

பேசுதலுக்கு: ஒரு தலைப்பைப்பற்றி ஒரு நிமிடம் சிந்தித்து இரண்டு நிமிடம்வரை பேசுதல் இப்பரீட்சையின் ஒரு பகுதி. ஆங்கிலம் பேசுவார் இல்லாத ஊரில் எவருடன் பேசுவது என வினவலாம். மாணாக்கர் இருவர் கூடினாற் போதும். ஒருவர் பேச மற்றவர் நேரம் பார்த்து, பின்னர் இரண்டு வினாக்கள் தொடுக்குக. வெள்ளையர்போற் பேசுதல் வேண்டுவதில்லை. கேட்போர்க்கு விளங்கத் தடையின்றிப் பேசுதலே வேண்டுவது. நகைப்பார் என்னும் அச்சமே நம் பிள்ளைகளின் நாவைக் கட்டும் முதற் கயிறு. அதனை அவிழ்ப்பது ஆசிரியரின் முதற் கடன்.

முடிவுரை

இங்குக் கூறியவற்றுள் பெருஞ்செலவு வேண்டுவது யாதுமில்லை. வேண்டுவது, பரீட்சைக்கு முந்திய மூன்று மாதத்து விரைவன்று. மூன்றாண்டு நாள்தோறும் ஒரு மணிநேரம். பத்தாம் வகுப்பிற் புகும் மாணவன் அன்றே தொடங்குவானாயின், பல்கலைக்கழக வாயிலை அடையும்போது மொழி அவனுக்குச் சுமையாயிராது.

மலையகத்துத் தோட்டமொன்றிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தம் மக்களின் வாழ்வை ஆங்கிலத்தில் எழுதி, 1970இல் "போர்ன் டு லேபர்" என்னும் நூலை வெளியிட்டார். துரைமாரின் மொழியாக, கட்டளையிடும் மொழியாக மட்டுந் தோட்டத்திற் கேட்ட ஆங்கிலம், அவர் கையில் அம்மக்களின் துயரை உலகுக்கு உரைக்கும் மொழியாயிற்று. தேர்ச்சி என்பதன் மெய்ப்பொருள் இதுவே. பரீட்சைச் சான்றிதழ் சிலகாலத்திற் செல்லாதொழியும். ஐயெல்ற்ஸ் பெறுபேற்றுக்குப் பெரும்பாலும் இரண்டாண்டே ஆயுள். தன் ஊரையும் தன் மக்களையும்பற்றிப் பிறர் எழுதக் கேட்டிராது, தானே எழுதவும் பேசவும் வல்லனாகும் ஆற்றலோ வாழ்நாள் முழுவதும் உடன்வரும். அதனை நோக்கமாகக் கொண்டு கற்பவனுக்குப் பரீட்சை இடைவழித் தங்குமடமேயன்றிப் பயணத்தின் முடிவன்று.