உஷார்! அந்தக் கொட்டேஷனில் பாதி கிச்சன்தான் இருக்கிறது

"மேடம், ரெண்டு லட்சத்துல மொத்த மாடுலர் கிச்சனும் முடிஞ்சிடும். இன்னிக்கே புக் பண்ணீங்கன்னா சிம்னி ஃப்ரீ!"

நந்தம்பாக்கம் டிரேட் சென்டரிலோ கோவை கொடிசியாவிலோ வீட்டு அலங்காரக் கண்காட்சி போட்டால் இந்த வசனம் கட்டாயம் காதில் விழும். முன்னால் கம்ப்யூட்டர் திரையில் சுழலும் 3டி படம், பக்கத்தில் கார்டு தேய்க்கும் மெஷின். கார்டை எடுக்கும் முன் கொட்டேஷன் தாளின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். பொடி எழுத்தில் மூன்று வரி இருக்கும்: 'ஜிஎஸ்டி தனி. சிவில், எலெக்ட்ரிக்கல், பிளம்பிங் வேலைகள் சேராது. ஆக்சஸரீஸ் தேர்வைப் பொறுத்து.' உங்கள் பட்ஜெட்டைப் பதம் பார்ப்பவை இந்த மூன்று வரிகள்தான்.

அந்த இரண்டு லட்சம், பெட்டிக்கும் அதன் கதவுக்குமான விலை. அதைக் கிச்சன் செலவு என்று நம்புவது, மண்டப வாடகையைக் கல்யாணச் செலவு என்று நம்புவதற்குச் சமம்.

கணக்கு போட்டே பார்த்துவிடுவோம்

பேச்சுக்கு ஒரு கணக்கு. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை விலை மாறும். எந்தெந்தத் தலைப்பில் பணம் போகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

கொட்டேஷன் 2,00,000 ரூபாய். ஜிஎஸ்டி 18 சதவீதம், 36,000. டேண்டம் டிராயர், பாட்டில் புல்-அவுட், மூலை கேரசல் வகையறா 45,000. மேடைக்குக் கிரானைட், வெட்டுக்கூலி, பாலிஷ் 30,000. சுவர் டைல்ஸ், கூலி 20,000. வயரிங், பிளம்பிங் 25,000. பழைய மேடையை உடைத்து, கழிவை அள்ளிப்போக 12,000. சிங்க், குழாய் 15,000. ஹாப், சிம்னி 40,000. கூட்டினால் 4,23,000. கண்காட்சியில் கேட்ட தொகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! 'ஃப்ரீ' சிம்னி நிஜமாகவே கைக்கு வந்தாலும் மிச்சமாவது சில ஆயிரம்தான்.

மூலையில் ஒளிந்திருக்கும் இரண்டு அடி

'ரன்னிங் ஃபீட்' கணக்கில் விலை சொல்கிறார்களா? அப்படியானால் டேப்பை நீங்களே பிடியுங்கள். 10 அடிக்கு 8 அடி 'எல்' வடிவக் கிச்சன் என்றால் 18 அடி என்று எழுதிவிடுவார்கள். கீழ்ப் பெட்டியின் ஆழம் இரண்டு அடி. இரண்டு சுவரையும் முழுசாகக் கூட்டும்போது மூலையில் அந்த இரண்டு அடி இரண்டு தடவை கணக்கில் ஏறுகிறது. உண்மை நீளம் 16 அடிதான். அடிக்கு 6,000 ரூபாய் என்றால் இல்லாத பெட்டிக்கு 12,000 ரூபாய் கொடுத்திருப்பீர்கள்.

சதுர அடிக் கணக்கிலும் இதே விளையாட்டு உண்டு. முன்பக்கப் பரப்பை மட்டும் அளக்கிறார்களா, பக்கவாட்டுப் பேனல், ஸ்கர்ட்டிங், மேலே பரண் எல்லாவற்றையும் தனித்தனியாக அளந்து கூட்டுகிறார்களா? அளவு முறையை எழுதி வாங்காமல் இரண்டு கடைகளின் ரேட்டை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. சதுர அடிக்கு 1,200 சொன்னவரின் மொத்த பில், 1,500 சொன்னவரைத் தாண்டிப் போகலாம்.

இழைத்துச் சரிசெய்ய முடியாது

வீட்டிலேயே உட்கார்ந்து ஆசாரி செய்தால், சுவர் கோணலாக இருந்தாலும் அங்கேயே இழைத்துப் பொருத்திவிடுவார். மாடுலர் கிச்சன் அப்படியல்ல. தொழிற்சாலையில் மில்லிமீட்டர் கணக்கில் வெட்டி, ஓரத்தில் பட்டை ஒட்டி, அட்டையில் பலகை பலகையாகக் கட்டி வருகிற சரக்கு. வீட்டுக்கு வந்த பிறகு அரை அங்குலம் இடித்தால், புதுப் பலகைக்கு மறுபடி ஆர்டர், மறுபடி காத்திருப்பு, மறுபடி பணம்.

பில்டர் கொடுத்த பிளானை வைத்துப் போட்ட கொட்டேஷன் ஆகவே ஆகாது. டைல்ஸ் ஒட்டிய பிறகு எடுக்கும் அளவுதான் கடைசி அளவு. ஹாப், சிம்னி, மைக்ரோவேவ், சிங்க் ஆகியவற்றின் மாடலை முடிவு செய்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். ஹாப்புக்கான கட்-அவுட் மாடலுக்கு மாடல் வேறுபடும். கிரானைட்டில் ஒரு முறை ஓட்டை போட்டுவிட்டால் அதைச் சின்னதாக்க முடியாது.

மின்சாரமும் அப்படியே. 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு மட்டுமே சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். ஓவன், கெட்டில், கிரைண்டர் எல்லாம் ஒரே பாயின்ட்டில் தொங்கக் கூடாது. பெட்டி மாட்டிய பிறகு சுவரைக் கொத்தினால் செலவு இரட்டிப்பு.

'வாட்டர்ப்ரூஃப்' என்ற மந்திரச் சொல்

கடையில் வைத்திருக்கும் சாம்பிள் பிளைவுட்; வீட்டுக்கு வருவது பார்ட்டிகிள் போர்டு. மேலே ஒட்டிய லேமினேட் ஒன்றாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கண்டுபிடிக்க ஒரு நல்ல தருணம் உண்டு: சிங்க் குழாய்க்காக ஆள் பலகையில் துளை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். வெட்டிய விளிம்பில் அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் பிளைவுட். பொட்டுக்கடலையை உடைத்துவிட்ட மாதிரி துகள் துகளாகத் தெரிந்தால் பார்ட்டிகிள் போர்டு. மாவு போல வழவழப்பாக இருந்தால் எம்டிஎஃப் வகை. அதே துளைதான் தண்ணீர் உள்ளே போகும் வாசலும்! சிலிக்கான் பூசி அடைக்காமல் விட்டால், பலகை ஊறி உப்பி, கதவு மூடாமல் நிற்கும்.

கொட்டேஷனில் 'வாட்டர்ப்ரூஃப் பிளை' என்று இருந்தால் அடித்துவிட்டு, ஐஎஸ் 710 எனத் தரக் குறியீட்டை எழுதச் சொல்லுங்கள். அதுதான் மரைன் பிளைவுட். ஐஎஸ் 303 என்பது பொது உபயோகப் பிளைவுட். எச்டிஎச்எம்ஆர் என்ற பலகை வகை ஈரத்தை ஓரளவு தாங்கும். தேங்கி நிற்கும் தண்ணீரைத் தாங்கும் என்று நம்பி ஏமாறாதீர்கள். பலகையில் ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால், அதன் உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டிச் சரிபார்க்கலாம்.

எல்லா இடத்துக்கும் விலை உயர்ந்த பலகை தேவையில்லை. சிங்குக்கு அடியில் உள்ள பெட்டிக்கும், தரையைக் கழுவும்போது நனையும் கீழ் வரிசைக்கும் நல்ல சரக்கு போடுங்கள். மேல் வரிசையில் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் இட்லிக் குண்டான் ஆவி நேராக அடிக்கிற இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

சிலிண்டரை மூடி வைக்கிறீர்களா?

இது பணத்தைத் தாண்டிய ஆபத்து. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அழகுக்காகச் சிலிண்டரைப் பெட்டிக்குள் வைத்துக் கதவைப் பூட்டினால், கசிவு உள்ளேயே சேரும். அடிப்பக்கத்தில் காற்றோட்டத் துவாரம் இல்லாத டிசைனுக்குத் தலையாட்டவே கூடாது. அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரெகுலேட்டரைக் கை நீட்டி உடனே மூட முடிகிறதா என்று பாருங்கள்.

பணம் கொடுக்கும் முறையில் பிடி வேண்டும்

பாதி முன்பணம், சரக்கு லாரி ஏறும் முன் மீதியில் பெரும்பகுதி என்பதுதான் பரவலான வழக்கம். அதாவது, ஒரு பெட்டிகூட மாட்டாத நிலையில் உங்கள் பணம் ஏறக்குறைய முழுதும் போயிருக்கும். குறைந்தது பத்து சதவீதத்தை, எல்லாக் கதவும் நேராக மூடித் திறந்த பிறகே தருவதாக எழுத்தில் பேசி முடியுங்கள்.

'வட்டியில்லா இஎம்ஐ' என்று ஆசை காட்டுவார்கள். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பிராசஸிங் கட்டணமாகவோ, ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கும் தள்ளுபடியாகவோ அந்த வட்டி உங்களிடமிருந்து வசூலாகிவிடும்.

'பில் இல்லாம போட்டுக்கலாம் சார், 18 பர்சன்ட் மிச்சம்' என்பது இன்னொரு தூண்டில். பில் இல்லாவிட்டால் பத்து வருட வாரண்டி வெறும் வாய்ச்சொல். பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணமே கிடையாது. வாரண்டி அட்டையிலும் தண்ணீர், கரையான் சேதம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நம் ஊர்க் கிச்சனைக் கெடுப்பவை பெரும்பாலும் அவை இரண்டும்தான்.

அட்வான்ஸுக்கு முன் கேட்க வேண்டியவை

- இந்தத் தொகையில் என்னென்ன சேரவில்லை? பட்டியலாக எழுதிக் கொடுங்கள்.
- பெட்டிக்கு என்ன பலகை, எத்தனை மில்லிமீட்டர், எந்த ஐஎஸ் தரம்? முதுகுப் பலகை எது?
- கீல், சேனல் எந்த பிராண்ட், எந்த மாடல்? டிராயர் எத்தனை கிலோ தாங்கும்? வெட் கிரைண்டரும் எவர்சில்வர் பாத்திரமும் இருக்கிற வீடு இது.
- கடைசி அளவு எடுத்த பிறகு விலை ஏறினால், உச்சவரம்பு என்ன?
- தாமதமானால் என்ன கழிவு? வேலை முடியும்வரை ஹோட்டல் சாப்பாட்டுச் செலவு உங்கள் தலையில்தான்.

இத்தனையும் கேட்டு வாங்கிய மொத்தத் தொகையோடு இன்னும் பதினைந்து சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள். அதுவும் சேர்ந்து கைக்கு அடங்கினால்தான் இறங்க வேண்டும். அடங்காவிட்டால் மேல் பெட்டிகளையும் பரணையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். மேடையும் கீழ் வரிசையும் இருந்தால் சமையல் நடக்கும். 'ஆஃபர் இன்னிக்கு மட்டும்தான்' என்று எவ்வளவு அவசரப்படுத்தினாலும், கொட்டேஷனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஆடியில் போன தள்ளுபடி தீபாவளிக்குத் திரும்பி வரும். கொடுத்த அட்வான்ஸ் வராது.