கிணற்று நீரின் வயது

திருகோணமலைக்கு வடக்கே, கடலோரச் சல்லியின் மணலில் மழைநீர் சட்டென இறங்கிவிடும்; ஆழமில்லாக் கிணற்றில் ஊறுவது பெரும்பாலும் அண்மைக்கால மழைதான். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுவதோ, ஆழத்துப் பாறை வெடிப்புகளில் சூடேறி வந்த நீர்.

வயதை எப்படி அறிவது? முதலில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனைப் பார்ப்பார்கள். 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகள் அதை மழையில் ஏகமாகக் கலந்துவிட்டன. 12.3 ஆண்டில் பாதியாகும். அறவே இல்லையென்றால் நீர் அதற்கு முன்பே மண்ணுக்குள் போனது.

இன்னும் பழையதற்குக் கார்பன்-14. அரை ஆயுள் 5,730 ஆண்டு. தமிழ்நாட்டின் நெய்வேலியில் மழை இறங்கும் மேற்குப் பக்கம் இளைய நீர், கடல் நோக்கிப் போகப் போக 30,000 ஆண்டு வரை முதியது. அங்குள்ள நிலக்கரிச் சுரங்கம் முழுகாதிருக்க இந்நிலத்தடி நீரைத்தான் இரவு பகலாக இறைக்கிறார்கள்! சுண்ணாம்புப் பாறையின் கார்பன் கலந்தால் வயது கூடித் தெரியும். திருத்தியே சொல்ல வேண்டும்.

அதையும் தாண்டினால் கிரிப்டான்-81. எகிப்தின் பாலைவன நிலத்தடி நீரில் ஒரு பகுதி பத்து லட்சம் ஆண்டுப் பழையது என்று 2004இல் காட்டியது அதுதான்.