வீரநாராயணன் ஏரிக்கரையில் நான்கு நாள்

சென்ற வைகாசியில் என் மனைவி பரமபதித்தாள். அதன்பின் எங்கள் இல்லத்தில் ஆடிப்பெருக்குக்குச் சித்திரான்னம் இல்லை. கோகுலாஷ்டமிக்கு வாசல் முதல் பூஜையறை வரை பதியும் சின்னஞ்சிறு பாதங்கள் இல்லை. தீபாவளிக்குப் புத்தாடை இல்லை. ஆண்டு நிறையும்வரை பண்டிகை கொண்டாடுவதில்லை, மலைக்கோயில் ஏறுவதில்லை என்பது எங்கள் குடும்ப வழக்கம். மாதந்தோறும் மாசிகம், இடையிடையே ஊனம் என அந்தந்த நாளில் செய்ய வேண்டியவற்றை என் மகன் சிரத்தையுடன் செய்து வந்தான். வைதிக காரியங்களில் குறை ஏதுமில்லை. ஆனால் வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. எங்கே அவள் பெயர் வந்துவிடுமோ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே ஏழு மாதங்களைக் கழித்தோம்.

எல்லாரினும் அதிகம் மௌனமானவள் என் பேத்தி. ஒன்பது வயதுக் குழந்தை. பாட்டியின் மடியில் அமர்ந்து திருப்பாவையின் 30 பாசுரங்களில் 18 கற்றிருந்தாள். மார்கழி பிறந்தும் அவள் ஒன்றையும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லச் சொல்லவில்லை.

அரையாண்டு விடுமுறையில் எங்கேனும் சில நாள் தங்கி வரலாம் என்று மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே, ஏரிக்கரையை ஒட்டிய சிற்றூரில் எங்கள் உறவினர் வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. சமதளம்; மலையேற்றம் இல்லை. ஆயினும் என் தமக்கையார் கடிந்துகொண்டார். “வருஷம் திரும்புவதற்குள் ஏரிக்கரையில் போய் உல்லாசமா? ஊரார் என்ன சொல்வார்கள்?” என்றார். எனக்கும் அதே உறுத்தல். எங்கள் குடும்ப வாத்தியாரிடம் கேட்டேன். “மாசிகத் திதி தவறக் கூடாது. மற்றபடி, இருப்பவர்கள் வாடிக் கிடந்தால் போனவருக்கு அதில் என்ன திருப்தி?” என்றார் அவர். அந்த மாதத்து மாசிகம் முடிந்த மறுநாள் புறப்பட்டோம்.

வீராணம் ஏரி என இன்று வழங்கும் அந்த நீர்நிலையின் இயற்பெயர் வீரநாராயணன் ஏரி. முதலாம் பராந்தக சோழனின் விருதுப்பெயர் அது. படையுடன் இப்பகுதியில் தங்கியிருந்த அவன் மகன் இராஜாதித்தன், வீரர்களைக் கொண்டு ஏரியை வெட்டித் தந்தையின் பெயரைச் சூட்டினான் என்பர். 949-ஆம் ஆண்டு தக்கோலப் போரில் யானை மீதிருந்தபடியே அந்த இளவரசன் உயிர் நீத்தான். மகனை இழந்த தந்தை அதன் பின்னும் சில ஆண்டுகள் வாழ்ந்தான். ஏரியோ ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தும் வயல்களுக்கு நீர் தருகிறது. கரைமீது நின்றால் ஒருபுறம் கடல் போல் நீர், மறுபுறம் கதிர் தாங்கிய சம்பா நெல். கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியே வரும் காவிரி நீரே இதனை நிரப்புகிறது.

முதல் இரண்டு நாளும் நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை. விடியலில் பனி விலகும்வரை கரையில் அமர்ந்திருந்தோம். நாரைகளும் நீர்க்காகங்களும் இறங்குவதைக் குழந்தை எண்ணினாள். மருமகள் எளிய தளிகை செய்தாள். பல மாதங்களாக நள்ளிரவில் விழித்துக்கொள்ளும் என் மகன், அங்கே பொழுது புலர்ந்த பின்னும் உறங்கினான். அவனை எழுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் காட்டுமன்னார்கோயில் சென்று மரகதவல்லித் தாயாரையும் வீரநாராயணப் பெருமாளையும் சேவித்தோம். நாதமுனிகளும் அவர் திருப்பேரனார் ஆளவந்தாரும் அவதரித்த தலம் அது. சன்னதியிலிருந்து வெளியே வந்ததும் பேத்திக்கு நாதமுனிகளின் வரலாற்றைக் கூறினேன்.

ஒருநாள் வெளியூர் அடியார்கள் சிலர் இக்கோயிலில் நம்மாழ்வாரின் பத்துப் பாசுரங்களைப் பாடினர். ஆயிரத்துள் இவை பத்து என்னும் குறிப்பு அப்பாடலிலேயே இருந்தது. மற்றவை எங்கே என்று நாதமுனிகள் வினவினார். அவர்களுக்கோ அந்தப் பத்துதான் தெரியும். அவர் அத்துடன் விட்டுவிடவில்லை. தேடித் தேடி ஆழ்வார்திருநகரி சென்றார். மதுரகவியாழ்வார் அருளிய கண்ணிநுண் சிறுத்தாம்பின் 11 பாசுரங்களை 12,000 முறை உருவேற்றினார். நம்மாழ்வார் அவருக்குக் காட்சி தந்து, ஆயிரம் மட்டுமன்றி நாலாயிரத்தையும் அருளினார் என்பது குருபரம்பரை கூறும் செய்தி. மறைந்துபோயிருந்த திவ்யப் பிரபந்தம் நமக்குத் திரும்பக் கிடைத்தது அவ்வாறுதான்.

கேட்டுக்கொண்டே வந்த குழந்தை, “பாட்டி சொல்லித் தராத பன்னிரண்டும் இப்போது யாரிடம் இருக்கிறது, தாத்தா?” என்றாள்.

என்னால் விடை கூற இயலவில்லை. நாற்பது மார்கழிகள் என் மனைவி அதிகாலையில் திருப்பாவை சேவித்தாள். நான் அடுத்த அறையில் நாளிதழ் வாசித்துக்கொண்டிருந்தேன். பணியில் இருந்த காலத்தில் அலுவலகம் புறப்படும் பரபரப்பில் இருந்தேன். செவியில் விழுந்தது, நெஞ்சில் நிற்கவில்லை. இறந்தோர் கணக்கை முடிக்க வங்கிக்கு வருவோரிடம், எந்தப் படிவத்தில் எங்கே கையொப்பமிட வேண்டும் என்று முப்பது ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். ஒருவர் போகும்போது அவரோடு என்னென்ன போகின்றன என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

மறுநாள் விடியலில் திருப்பாவைப் புத்தகத்துடன் ஏரிக்கரையில் அமர்ந்தேன். பேத்தியும் வந்து அருகில் அமர்ந்தாள். 19-ஆம் பாசுரத்தைப் படித்தேன். இரண்டாம் அடியிலேயே என்னைத் தடுத்தாள். “பாட்டி இங்கே நிறுத்த மாட்டாள், தாத்தா. இழுத்துத்தான் சொல்வாள்” என்று பாடிக் காட்டினாள். கல்லாத பாசுரம்தான், ஆனால் கேட்டிருந்தாள். சொல் என் கையிலிருந்த புத்தகத்தில் இருந்தது, இசை அவளிடம் இருந்தது. எங்களுக்குப் பின்னால் என் மகன் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. தன் தாயைப் பற்றி அன்றுதான் அவன் முதன்முறையாக வாய்விட்டுப் பேசினான். மூவரும் அழுதோம். பிறகு மருமகள் கொடுத்த காப்பியை அருந்திவிட்டு அதே பாசுரத்தை மீண்டும் சொன்னோம்.

அந்தப் பன்னிரண்டில் கரையில் கற்றது ஒன்றுதான். எஞ்சியவற்றைச் சென்னை திரும்பிய பின் ஒவ்வொன்றாகக் கற்றோம். பங்குனிக்குள் முப்பதும் நிறைந்தது. எனக்கு இன்னும் இரண்டு இடங்களில் தடுமாறுகிறது. பேத்தி திருத்துகிறாள்.

துக்க ஆண்டில் இருக்கும் குடும்பங்களுக்கு அனுபவத்தில் கண்ட ஒன்றைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. பித்ரு காரியங்களைக் குறைவின்றிச் செய்யுங்கள். அவற்றுக்கு இடையூறு இல்லாத நாளில், குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக ஒரு நீர்நிலையின் கரையிலோ ஆலயம் உள்ள சிற்றூரிலோ சில நாள் அமைதியாகத் தங்குங்கள். அது மறைந்தவரை மறப்பதாகாது. அவர் நமக்கு விட்டுச் சென்றது யார் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று அறிய, சேர்ந்து அமர்ந்திருக்கும் ஓய்வு வேண்டும்.

புறப்படும்போது பேத்தி ஏரி நீரைச் சிறு பாத்திரத்தில் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். “தேவையில்லை அம்மா, இது நம் வீட்டுக்கே வருகிறது” என்றேன். 2004-ஆம் ஆண்டு முதல் இந்த ஏரியின் நீர் 200 கி.மீட்டருக்கும் அப்பாலுள்ள சென்னைக்குக் குழாய் வழியே வருகிறது. என் மனைவி பெருமாள் திருவாராதனத்துக்கு நாள்தோறும் பிடித்து வைத்ததும் அந்தக் குழாய்த் தண்ணீரைத்தான். இந்த வைகாசியில் ஆப்திகம். அன்று என் மகன் எள்ளுடன் இறைக்கப்போவதும் அதுவே.