பள்ளி புராஜெக்ட்டுக்கு ஆதிச்சநல்லூர் மாடல்: பெற்றோர் எங்கே உதவலாம், எங்கே கை வைக்கக் கூடாது?

"அம்மா, வெள்ளிக்கிழமை வரலாறு மாடல் கொண்டு போவணும்!" புதன்கிழமை ராத்திரி பிள்ளை இப்படிச் சொன்னதும் பல வீடுகளில் அப்பா தெர்மாகோல் வெட்டுவார், அம்மா பெயின்ட் அடிப்பார், பிள்ளை தூங்கிவிடும். மாடல் அழகாக இருக்கும். ஆனால் வகுப்பில் "இது என்ன?" என்று கேட்டால் பிள்ளைக்குப் பதில் தெரியாது.

திசையன்விளை பக்கத்துப் பிள்ளைகளுக்கு எகிப்து பிரமிடு தேவையில்லை. தாமிரபரணிக் கரையிலேயே ஆதிச்சநல்லூர் இருக்கிறது. அதை 'டயோரமா'வாக, அதாவது பெட்டிக்குள் ஒரு காட்சியாக, எப்படிச் செய்வது?

முதலில் கதை, பிறகு கத்தரிக்கோல்

1876-ல் ஜெர்மானியரான ஜாகோர் இங்கு தோண்டிப் பார்த்தார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழாய்வு செய்தார். 2004-ல் தொல்லியல் துறை மீண்டும் தோண்டியபோது 160-க்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. இறந்தவரின் எலும்புகளோடு இரும்புப் பொருட்கள், சிறு பானைகளையும் வைத்துப் புதைத்த பெரிய பானைதான் தாழி.

"ஏன் பானையில வச்சாங்க?" என்று பிள்ளை கேட்டால், அங்கிருந்தே புராஜெக்ட்டைத் தொடங்கலாம்.

அளவு எப்படி?

1:20 அளவு வசதியானது. சுமார் 90 செ.மீ. உயரத் தாழி மாடலில் 4.5 செ.மீ. ஆகும். 160 செ.மீ. உயர ஆள் 8 செ.மீ. வருவார். இந்தக் கணக்கைப் பிள்ளையே போடட்டும்.

செய்முறை

* ஷூ பெட்டியின் ஒரு பக்கத்தைத் திறந்து வையுங்கள். மண்ணை வெட்டிப் பார்த்தது போல, தாழி புதைந்திருப்பது தெரிய வேண்டும்.
* நம்ம ஊரில் சிவந்த தேரி மணல் சும்மாவே கிடைக்கும். ஆனால் ஆதிச்சநல்லூர் சரளைக் கல் மேடு. அதனால் சின்னச் சின்னக் கற்களைக் கலந்து ஒட்டுங்கள்.
* தாழியைக் களிமண்ணில் பிள்ளையே பிடிக்கட்டும். கோணலாக வந்தாலும் பரவாயில்லை.
* சிறு கிண்ணங்களுக்கு உள்பக்கமும் விளிம்பும் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. இதுதான் கறுப்பு-சிவப்பு மட்பாண்டம். கவிழ்த்து வைத்துச் சுட்டதால், காற்றுப் படாத பகுதி கறுத்தது.
* தெர்மாகோலில் ஸ்பிரே பெயின்ட் அடித்தால் கரைந்துவிடும். வாட்டர் கலரும் வெள்ளைப் பசையும் போதும்.

கட்டர் கத்தி பிடிப்பது பெரியவர் வேலை. உருட்டுவது, ஒட்டுவது, எழுதுவது எல்லாம் பிள்ளை வேலை.

அடிக்கடி வரும் தவறு

சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-ல் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டை ஆதிச்சநல்லூர் மாடலில் எழுதக் கூடாது. ஆதிச்சநல்லூர் மாதிரிகளுக்கு ஆய்வகம் தந்த காலம் கி.மு. 905, கி.மு. 696. இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான், ஆனால் தனித்தனி ஆய்வுகள்.

இதை மட்டும் செய்யாதீர்கள்

'ஒரிஜினலா இருக்கட்டும்' என்று மேட்டில் கிடக்கும் பானை ஓட்டைப் பொறுக்கி வந்து ஒட்டக் கூடாது. அது பாதுகாக்கப்பட்ட இடம். எந்த ஓடு எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதுதான் ஆய்வாளருக்குச் சான்று. இடம் மாறினால் அந்தச் சான்று போய்விடும். பிள்ளைக்கு வரலாறு கற்றுக்கொடுக்கப் போய் வரலாற்றையே அழித்தது போல ஆகும்.

அதற்குப் பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் கூட்டிப் போங்கள். 2023 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்ட தள அருங்காட்சியகத்தில், கண்ணாடித் தளத்துக்குக் கீழே தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கலாம். கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்தால், பிள்ளை வரைந்து வருவதே மாடலுக்கு வரைபடம்.

கடைசியாக ஒரு சோதனை. பள்ளிக்குக் கொண்டுபோகும் முன்பு, மாடலில் உள்ள ஒவ்வொன்றையும் தொட்டு "இது என்ன, எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். பிள்ளை தயங்காமல் சொன்னால் புராஜெக்ட் ரெடி.