முதலில் வருவது யார்?

பெருநகரில் தீப்பிடித்தால் எந்த நிலையத்து வண்டி வரும்? நியூயார்க்கைப் பார்ப்போம். சம்பளம் பெறும் தீயணைப்புப் படை அங்கே 1865-இல் அமைந்தது. பம்பு வண்டிக் குழு தண்ணீர் பாய்ச்சும். ஏணி வண்டிக் குழு கதவை உடைத்துச் சிக்கியவர்களைத் தேடும். ஏணிக் குழுக்கள் குறைவு என்பதால், ஒவ்வொன்றும் கவனிக்கும் வட்டாரம் பெரிது.

அந்நகரத் தெருக்களில் எண்ணிட்ட அபாய அறிவிப்புப் பெட்டிகள் வைக்கப்பட்டன. ஒவ்வோர் எண்ணுக்கும் முதலில் எந்தக் குழு, அடுத்து எந்தக் குழு என்ற வரிசை முன்பே எழுதப்பட்டிருக்கும். தொலைபேசியில் அழைத்தாலும் அந்த முகவரி ஒரு பெட்டி எண்ணோடு பொருத்தப்படுகிறது. அதனால் ஒரே தெருவின் இரு முனைகளுக்கு வெவ்வேறு குழுக்கள் முதலில் வரலாம்.

பெரிய தீயில் பல குழுக்கள் ஒரே இடத்தில் திரண்டுவிட்டால்? மற்ற வீடுகளைக் கைவிட முடியுமா? தொலைவிலுள்ள குழு வந்து, காலியான நிலையத்தில் காத்திருக்கும்.

இத்தனை ஏற்பாடும் அழைப்பவர் சொல்லும் முகவரியிலிருந்தே தொடங்குகிறது. அது தவறினால் வரிசையும் தவறும். வீணாகும் நிமிடங்களில் ஓர் உயிர் போகலாம். நம் வீட்டு முகவரியைப் பிள்ளைகள் தடுமாறாமல் சொல்வார்களா? இன்றே கேட்டுப் பாருங்கள்.