குழாயைப் பார்க்க ஆள் இறங்க வேண்டாம்

நாகர்கோவிலில் பாதாளச் சாக்கடைப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆரல்வாய்மொழி போன்ற பேரூராட்சிகளில் செப்டிக் டேங்கும் தெருவோர ஓடையும்தான் கதி. இரண்டு இடங்களிலும், மண்ணுக்கடியில் குழாய்கள் என்ன நிலையில் இருக்கின்றன என்று ஆய்வு செய்தே ஆக வேண்டும். அப்போது நாம் கேட்க வேண்டியவை இரண்டு: உள்ளே இறங்குவது யார்? முதலில் பார்ப்பது எந்தத் தெருவை?

கழிவு தேங்கும் குழாயில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உண்டாகிறது. குழாயின் மேற்பக்க ஈரத்தில் அது நுண்ணுயிர்களால் கந்தக அமிலமாக மாறி, கான்கிரீட்டை அரிக்கிறது. குழாயைத் தின்னும் அதே வாயுதான் இறங்குகிறவரின் உயிரையும் குடிக்கிறது. அளவு கூடினால் அதன் வாடையை மூக்கு உணராது. ஆகவே, "நாற்றம் இல்லை, இறங்கு" என்பது சாவுக்கு அனுப்புகிற பேச்சு.

பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடைச் சாவுக்கு 2014-இல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்ற உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் இறங்குகிறவர்களின் சாதி மாறவில்லை. ஒன்றிய அரசின் 'நமஸ்தே' திட்டத்தில் 2024 வரை கணக்கெடுக்கப்பட்ட சுமார் 38,000 தொழிலாளரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. சக்கரம் பூட்டிய கேமராவைக் குழாய்க்குள் ஓட்டினால் விரிசல், அடைப்பு, வேர் நுழைந்த இடம் எல்லாம் திரையில் தெரியும். பக்கத்துத் திருவனந்தபுரத்தில் 2018-லேயே ஆள் இறங்கும் குழியைத் தூர்வார 'பாண்டிகூட்' ரோபோ வந்துவிட்டது.

அடுத்தது குடிநீர். நம் ஊர்களில் தண்ணீர் குறிப்பிட்ட நேரம்தான் வரும். வால்வை அடைத்ததும் குழாயில் அழுத்தம் இறங்கும். ஓடையை ஒட்டிப் போகும் குழாயில் விரிசல் இருந்தால் சாக்கடை உள்ளே கசியும். மறுநாள் முதலில் வரும் தண்ணீரோடு அது வீட்டுக்குடத்தில் விழும். விநியோகத்தின் கடைசியில் பெரும்பாலும் இருப்பது காலனி. கடைமடை வயல்போல அங்கே அழுத்தமும் குறைவு, குளோரினும் குறைவு.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவு ஆகாது. கடைசிக் குழாயில் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். சிறு சோதனைப் பெட்டியே போதும். தொட்டியில் குளோரின் இருந்து காலனிக் குழாயில் இல்லையென்றால், இடையிலுள்ள குழாயைச் சோதித்தாக வேண்டும்.

எனவே பேரூராட்சி மன்றத்தில் வைக்க வேண்டிய கோரிக்கை தெளிவானது. ஆய்வு காலனியின் கடைசிக் குழாயிலிருந்து தொடங்கட்டும். வாரந்தோறும் குளோரின் அளவை அங்கேயே பலகையில் எழுதட்டும். சாக்கடைப் பணிக்கான ஒப்பந்தத்தில் கேமராவும் இயந்திரமும் கட்டாய நிபந்தனையாகட்டும். குழாய் உடைந்தால் வேறு குழாய் போடலாம். போன உயிருக்கு மாற்று ஏது?